சல்லிசையே நாடி வாங்க

அந்தப் பையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்கிறீர்களா சார்? இடைஞ்சல் ஒன்றும் இல்லை. அதில் போட்டிருக்கிற யானை என்னையே பார்க்கிறது, அதனால்தான். ஆமாம், ஐராவதம் மெகா பஜார். நல்ல கடைதான். கெட்ட கடை என்று நான் எங்கே சொன்னேன்? ஏ.சி. இருக்கிறது, தள்ளுவண்டி இருக்கிறது, வாசலில் சல்யூட் அடிக்க ஒரு ஆள் இருக்கிறான். என்ன வாங்கினீர்கள், டார்ச் லைட்டா? எங்கள் சல்லிசில் இதைவிடச் சல்லிசாகக் கிடைக்கும். போகட்டும். வாங்கிவிட்டீர்கள், இனிமேல் பேசி என்ன.

நான் பேசுவது கொஞ்சம் எழுத்து மாதிரி இருக்கும். தப்பாக நினைக்காதீர்கள். பதினேழு வருஷ மைக் பழக்கம். சல்லிசு ஸ்டோர்ஸ், சாத்தூர்க் கிளை, தவசிலிங்கம். சட்டைப் பையில் குத்தியிருக்கிற பேட்ஜில் 'சூப்பர்வைசர்' என்று இருக்கும். அது சும்மா. என் வேலை மைக். "வாடிக்கையாளப் பெருமக்களே, இரண்டு சோப்பு வாங்கினால் ஒரு சோப்பு டப்பா இலவசம்." கேட்டிருப்பீர்கள். சாத்தூர் வழியாகப் போன எல்லோரும் கேட்டிருப்பார்கள். உள்ளே ஒரு பெட்டி ஸ்பீக்கர், வாசலுக்கு மேலே ஒரு கூம்பு ஸ்பீக்கர். காற்று நம் பக்கம் இருந்தால் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகும்.

என் வீட்டுக்காரி இருந்த வரைக்கும் கடைக்குள் வந்ததே இல்லை. மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ரோட்டு ஓரம் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். சாயங்காலம் சோற்றைப் போட்டுக்கொண்டே, "இன்னைக்கு மூணு தடவ எச்சி முழுங்குனீங்க" என்பாள். சரியாக மூன்று தடவைதான் இருக்கும்.

மைக்கைப் பிடுங்கிவிட்டால் நான் யார் சார்? அட்டைப்பெட்டி பிரிக்கிற ஆள். அதைத்தான் சொல்ல வந்தேன். இந்த பஸ் கோவில்பட்டி போக இன்னும் நேரம் இருக்கிறதல்லவா? அப்படியென்றால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் முதலாளி கனகமணி அண்ணாச்சி. பூர்வீகம் திருச்செந்தூர்ப் பக்கம். ஒரு காலத்தில் சல்லிசுக்கு ஒன்பது கிளை இருந்தது. பிளாஸ்டிக் வாளி, நாற்காலி, நைட்டி, எவர்சில்வர் தூக்கு, சோப்பு, பிஸ்கட், எதை எடுத்தாலும் வெளிக்கடையைவிடக் குறைவு. அண்ணாச்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. சரக்கு மலிவாக வருகிறது என்று யாராவது சொல்லிவிட்டால், என்ன சரக்கு என்று கேட்க மாட்டார். அப்படித்தான் போன வருஷம் ஒரு லாரி நிறைய மழைக்கோட்டு வந்து இறங்கியது. சாத்தூரில் சார்! எங்கள் ஊரில் மழை பெய்தால் ஜனங்கள் நனைவதற்காக வீட்டை விட்டு வெளியே வருவார்கள்.

இப்படியே ஒன்பது கிளை நாலாகிவிட்டது. ஆடி முடிந்ததும் சாத்தூர்க் கடையையும் மூடுகிற யோசனை இருப்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், கடையில் மூன்று டியூப்லைட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆடி போகட்டும்டே" என்றார். டியூப்லைட்டுக்கும் ஆடிக்கும் என்ன சம்பந்தம்? புரிந்துகொண்டேன்.

இந்த நிலைமையில்தான் ஆனி பிறந்த அன்றைக்கு எதிர்ச் சாரியில் ஐராவதம் திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு நிஜ யானை. அது அவர்கள் வாசலில் மாலை போட்டுக்கொண்டு நின்றதோடு இருந்திருக்கலாம். ரோட்டைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்து, காட்சிக்குத் தொங்கவிட்டிருந்த நைட்டி ஒன்றை உருவிக்கொண்டு போய்விட்டது. யானையிடம் பில் கேட்க முடியுமா?

மறுநாள் எங்கள் கடைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு பேப்பரை எடுத்து உட்கார்ந்து ஓர் அறிவிப்பு எழுதினேன். பதினேழு வருஷத்தில் நான் எழுதியதிலேயே நல்ல அறிவிப்பு அதுதான். கேளுங்கள்: "வாடிக்கையாளப் பெருமக்களே! ஐராவதம் வந்தால் என்ன? நம்ம சல்லிசையே நாடி வாங்க! போகிறவர்கள் போகட்டும்!" எப்படி? முதலில் 'வாருங்கள்' என்றுதான் எழுதியிருந்தேன். அப்புறம் அடித்துவிட்டு 'வாங்க' என்று மாற்றினேன். ஜனங்களுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று. நான் இறங்கி வந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

காலை பத்தரைக்கு ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. மத்தியானம் ஒரு மணி வரைக்கும் விடவில்லை. மைக் ஒயர் ஒரு இடத்தில் அடிபட்டிருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிளாஸ்திரி சுற்றி வைத்திருந்தேன். பில் போடுகிற முத்துக்கனி என்று ஒரு பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம். அவள் கல்லாவில் இருந்தே கையை ஆட்டினாள்.

"அண்ணே, நிப்பாட்டுங்க. விட்டு விட்டு வருது."

"என்ன வருகிறது?"

"'ஐராவதம்... நம்ம சல்லிசையே... வாங்க... போகிற...'ன்னு வருது. மத்ததெல்லாம் கொர்ர்ருங்குது."

"கருத்து வந்துவிட்டதல்லவா?"

"கருத்து நல்லாவே வருதுண்ணே. அதான் பயமாருக்கு."

பில் போடுகிற பிள்ளை எனக்கு மைக் சொல்லித் தருகிறது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் சங்கரேஸ்வரி டீச்சர் வந்தார்கள். நம் பழைய வாடிக்கை. நேராக என்னிடம் வந்து, "என்ன தவசி, ஐராவதம் உங்க சல்லிசையே வாங்கப் போகுதாமே?" என்றார்கள்.

"யார் சொன்னது டீச்சர்?"

"பஸ் ஸ்டாண்டுல நின்னேன். காதுல விழுந்துச்சு."

"யார் வாயிலிருந்து?"

"ஆளப் பாக்கல. ஆனா அடிச்சுச் சொன்னாங்கப்பா. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ சொன்னாங்க."

பாருங்கள் சார் அநியாயத்தை! இங்கே நான் ஒருவன் தொண்டை கிழிய ஐராவதத்தை எதிர்த்துக்கொண்டிருக்கிறேன். அதே காலையில், அதே நேரத்தில், எவரோ பஸ் ஸ்டாண்டில் நின்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இப்படி ஒரு புரளியைக் கிளப்பியிருக்கிறார்கள். என்ன துணிச்சல் இருக்க வேண்டும்? அந்த ஆளை விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

இரண்டு நாளில் ஊர் முழுக்க அதே பேச்சு. டீக்கடையில், சேவு கடையில், ரயில்வே கேட்டில். கைமாறப்போகிறது, கைமாறிவிட்டது, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு யார் வாங்கினாலும் எனக்குக் கவலை இல்லை சார். ஐராவதத்தில் மைக் ஆள் கிடையாது. பதிவு செய்த குரல்தான். ஒரு பொம்பளைப் பிள்ளை மதராஸில் உட்கார்ந்து பேசியதை இங்கே ஓட்டுகிறார்கள்.

அது எப்படித்தான் இருக்கிறது, கேட்டுவிடுவோம் என்று ஒரு நாள் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். சித்திரை வெயில் மாதிரி அடிக்கிற ஆனி வெயிலில் மஃப்ளர். சல்யூட் அடிக்கிறவன், "வாங்க மைக் அண்ணாச்சி" என்றான். போகட்டும். உள்ளே போய் நின்றால் மேலேயிருந்து அந்தக் குரல் வருகிறது: "இது மலைக்காலச் சலுகை!"

மலைக்காலமாம். மலை ஏறுகிற காலமா சார் அது? அப்புறம், "கோலி முட்டை ஒரு டஜன்." கோலி எப்போது முட்டை போட்டது? நான் அங்கேயே எண்ணெய் டின்கள் நடுவில் நின்றுவிட்டேன். பயம் போய்விட்டது. இவர்களுக்கு ஒரு 'ழ' இல்லை! கட்டடம் இருக்கிறது, யானை இருக்கிறது, 'ழ' இல்லை. கடை கைமாறினால் கைமாறட்டும். வாங்குகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே ஒரு ஆளை ரகசியமாக அனுப்பிப் பார்ப்பார்கள். அந்த ஆள் காதில் என் 'ழ' விழுந்துவிட்டால் போதும். மைக் என் கையை விட்டுப் போகாது.

அன்றிலிருந்து மாற்றிவிட்டேன். குழம்புச் சட்டி. மெழுகுவர்த்தி. பழத்தட்டு. மழைக்கோட்டு. தாழ்ப்பாள். 'தாழ்ப்பாள்' இருக்கிறது பாருங்கள், அதில் 'ழ'வும் உண்டு, 'ள'வும் உண்டு, ஒரே வார்த்தையில் இரண்டையும் காட்டிவிடலாம். 'ழ' இல்லாத பொருளை விட்டுவிட்டேன். ஒரு வாரம் சோப்பு, வாளி, நைட்டி எதுவும் மைக்கில் வரவில்லை. வேகத்தில் ஒரு நாள் வாழைப்பழம் என்றும் சொல்லிவிட்டேன். எங்களிடம் வாழைப்பழம் கிடையாது. ஆனால் அதில் இரண்டு 'ழ' இருக்கிறது சார், வாய் சும்மா இருக்குமா?

ஏழெட்டுப் பேர் கல்லாவில் போய் நின்றுகொண்டு, "பழம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள்.

முத்துக்கனி என் பக்கம் கையைக் காட்டி, "அந்தா அவரு வாயில இருக்கு, போய் வாங்கிக்கோங்க" என்றாள். வாய் நீளம் என்று சொன்னேனே.

ஆடி பிறந்தது. இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நான் எதிர்பார்த்த ஆள் வந்துவிட்டார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டேன். வெள்ளைச் சட்டை, கையில் இன்ச் டேப், பையில் சின்ன நோட்டு. பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருக்கிற மூலையில் நின்றுகொண்டு நாற்காலியை நீளம், அகலம் அளந்து நோட்டில் எழுதுகிறார். வாசற்கதவை அளக்கிறார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றி ஊன்றிப் பார்க்கிறார். வெறும் வாடிக்கையாளர் கதவை ஏன் சார் அளக்கிறார்?

பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "வாங்க வந்திருக்கிறீர்களா?"

"பின்ன, வேடிக்கை பாக்கவா? வாங்கத்தான் வந்திருக்கேன்."

மறைக்கவே இல்லை! பெரிய இடத்து ஆட்கள் அப்படித்தான். "முழுசாகவா?" என்றேன்.

"எடுத்தா மொத்தமா எடுத்துருவேன். அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்னா நமக்குச் சரிப்பட்டு வராது."

நாலு கிளையும்! அவர் என் முகத்தைப் பார்த்து, "நீங்க இங்கயே வேல பாக்குறவரு. மனசாட்சியோட சொல்லுங்க. நிக்குமா?" என்றார்.

மனசாட்சி என்று கேட்டுவிட்டார். என்ன செய்வேன்? அண்ணாச்சி உப்பைத் தின்றவன்தான். ஆனால் நாளைக்கு முதலாளியாகப் போகிறவரிடம் முதல் நாளே பொய் சொல்லலாமா?

"பார்வைக்கு நன்றாக இருக்கும் சார். உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது" என்றேன்.

"அப்படியா?"

"ஒன்பதில் ஐந்து ஏற்கெனவே விழுந்துவிட்டது."

உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். "ஒம்பதுல அஞ்சா?"

"மீதியை யாராவது தாங்கிப் பிடித்தால் நிற்கும்."

"ஏங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளா நிறுத்த முடியும்? யாருங்க தாங்கிப் பிடிக்கிறது?"

இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன். "நான் இருக்கிறேன் சார். என் குரல் இருக்கிறது" என்றேன்.

"கொரல வச்சு எப்படிங்க தாங்குவீங்க?"

"இதோ" என்று ஓடிப்போய் மைக்கை எடுத்து, "தாழ்ப்பாள்!" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நான் இன்னொரு தடவை, அழுத்தம் திருத்தமாக, "தாழ்ப்பாள்!" என்றேன். மனிதர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போனார். அங்கிருந்து ரோட்டைத் தாண்டி எங்கே போனார் தெரியுமா? நேராக ஐராவதத்துக்குள்! என் கண்ணால் பார்த்தேன். நான் நினைத்தது சரிதானே? வேறு என்ன சாட்சி வேண்டும்?

முத்துக்கனி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, அவரு எட்டயபுரம் ரோட்டுல கல்யாண மண்டபம் கட்டியிருக்காரு. எரநூறு சேர் வேணும்னு காலைல போன் பண்ணாரு. அடுக்கோட கதவு வழியா வெளிய வருமா, வண்டிக்குள்ள போகுமான்னு அளக்க வந்தாரு."

"அது அவர் போட்ட வேஷம்" என்றேன்.

"வேஷம் போட்டவரு எதுக்குண்ணே உங்களப் பாத்து ஓடுறாரு?"

"ரகசியம் வெளிப்பட்டுவிட்டதே."

அவள் திரும்பி அடுத்த பில்லைப் போட ஆரம்பித்துவிட்டாள்.

இதற்கு நடுவில் ஓர் அதிசயம் நடந்தது. கடையில் கூட்டம் வர ஆரம்பித்தது. கைமாறுகிற கடையில் இருக்கிற சரக்கைக் கழித்துக் கொடுப்பார்கள் என்று ஜனங்களுக்கு ஓர் எண்ணம். முதல் நாள் ஐம்பது பேர். மறுநாள் வாசலில் செருப்பு விட இடமில்லை. எந்த விலையும் குறைக்கவில்லை சார், அதே விலைதான். ஆனால், "கடைசி வெல எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, அதே விலையைக் கொடுத்து, ஜெயித்துவிட்ட முகத்தோடு போனார்கள். மழைக்கோட்டு அத்தனையும் போய்விட்டது! ஓர் அம்மாள் வடகம் காயப்போட விரிப்புக்கு என்று ஆறு வாங்கினாள். ஒருவர் மாட்டுக்கு அளவு கேட்டார்.

ஐராவதத்துக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். 'நாங்கள் சல்லிசு ஸ்டோர்ஸை வாங்கவில்லை. வாங்கும் எண்ணமும் இல்லை.' அதைப் படித்ததும் ஊருக்குச் சந்தேகமே போய்விட்டது. இல்லாததற்கு எவனாவது பேனர் கட்டுவானா? பேரம் படியவில்லை, அதனால் சல்லிசில் இன்னும் கழித்துத் தள்ளப் போகிறார்கள் என்று பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். அவர்கள் வாசலில் பேனர் படிக்கக் கூட்டம். எங்கள் வாசலில் வாங்கக் கூட்டம்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் இல்லை. எனக்கு விசாரணை இருந்தது. புரளி கிளப்பிய ஆள் இன்னும் வெளியே திரிகிறானே! சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒவ்வொருவராக விசாரித்தேன். டீக்கடைக்காரர், "உங்க கடைப் பக்கமிருந்துதான் சத்தம் வந்துச்சு" என்றார். குறித்துக்கொண்டேன். அப்படியென்றால் கடைக்குள் இருக்கிற ஆள். பூக்காரம்மா, "மைக்குல வந்த மாதிரி இருந்துச்சு" என்றாள். அந்த அம்மாளுக்குக் காது மந்தம், விட்டுவிட்டேன். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு தம்பி தெளிவாகவே சொன்னான்: "ஆம்பளக் கொரலு அண்ணாச்சி. கொஞ்சம் மூக்கால பேசுற மாதிரி இருக்கும்."

இதுதான் என்னைக் கொஞ்ச நாள் குழப்பியது. கடையில் ஆம்பளை என்றால் நானும், மூட்டை இறக்குகிற பால்பாண்டியும்தான். பால்பாண்டி பேசவே மாட்டான். பிறகு ஒரு நாள் பல் விளக்கும்போது சட்டென்று விளங்கியது. அந்த வாரம் முத்துக்கனிக்குச் சளி! சளி பிடித்தால் குரல் கட்டும். கட்டின குரல் ஆம்பளைக் குரல் மாதிரித்தானே இருக்கும்? மூக்கால் பேசுகிற மாதிரித்தானே இருக்கும்? போதாததற்கு, அந்தப் புரளியின் வார்த்தைகளை அட்சரம் பிசகாமல் என்னிடமே அன்று காலையில் சொன்னவள் அவள்தானே! 'ஐராவதம், நம்ம சல்லிசையே, வாங்க, போகிற.' ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் இவளுக்கு எப்படித் தெரிந்தது? சொல்லுங்கள். சிரிக்காதீர்கள் சார், பதில் சொல்லுங்கள்.

நாலு பக்கத்துக்கு எழுதினேன். சாட்சிகள் பெயர், சொன்ன நேரம், சளியின் விவரம், எல்லாம்.

ஆடி கடைசி வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரி எல்லாம் காலி. மழைக்கோட்டு வைத்திருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எங்கள் எல்லோரையும் கல்லாப் பக்கம் கூப்பிட்டார். அவருக்குச் சிரித்தாலும் கோபித்தாலும் ஒரே முகம்தான், கண்டுபிடிக்க முடியாது.

"ஐராவதக்காரன் நம்மள வாங்கப் போறாம்னு ஒரு பேச்சு ஓடுச்சே. எவம்டே அதக் கெளப்புனது?"

யாரும் வாய் திறக்கவில்லை. நான் ஓர் எட்டு முன்னால் வைத்தேன். முத்துக்கனி என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "அண்ணே, பேசாம இருங்க. கெஞ்சிக் கேக்கேன். அது நீங்க..."

"நான் யாருக்கும் பயப்பட மாட்டேன்" என்று கையை உதறிவிட்டு, நாலு பக்கத்தையும் வாசித்தேன். நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு. எச்சில் ஒரு தடவைகூட விழுங்கவில்லை. கடைசியில், "ஆகவே அந்தப் புரளியைக் கிளப்பியவர் பில் பிரிவு முத்துக்கனி அவர்களே என்று உறுதியாகக் கூறுகிறேன்" என்று முடித்தேன்.

அண்ணாச்சி அவள் பக்கம் திரும்பினார். "ஏளா, நீதானா?"

அவள் என்னைப் பார்த்தாள். காலி அலமாரியைப் பார்த்தாள். அண்ணாச்சி முகத்தை உற்றுப் பார்த்தாள். என்னால் கண்டுபிடிக்க முடியாத எதையோ அந்த முகத்தில் அவள் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"அண்ணன் இவ்வளவு ஆதாரத்தோட சொல்லும்போது நான் என்ன அண்ணாச்சி சொல்ல?" என்றாள்.

ஒப்புக்கொண்டாள்! எல்லோர் முன்னாலும்! எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அண்ணாச்சி மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பில் மிஷின் தானாக ஒரு பில் துப்பியது. "பதினேழு வருசமா இவன் மைக்கப் பிடிச்சுக் கத்துதான், ஒரு பய உள்ள வரல. இந்தப் பிள்ள வாயால ஒரு வார்த்த சொல்லியிருக்கா, ஜில்லாவே வந்துட்டு! மூடலாம்னு இருந்த கடைடே இது! ஏ முத்துக்கனி, இனி சூப்பர்வைசர் நீதான். அந்த மைக்க எடுத்து அவ கையில குடுங்கடே!"

நான்தான் எடுத்துக் கொடுத்தேன் சார். பிளாஸ்திரி சுற்றின இடத்தைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவள் வாங்கிக்கொண்டு, "எல்லாருக்கும் வணக்கம், உள்ள வாங்க, இன்னும் கொஞ்சம் மளக்கோட்டு ஆர்டர் போட்டிருக்கு" என்றாள். 'மளக்கோட்டு'. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள்.

அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சரி, எனக்கும் ஏதோ தரப் போகிறார் என்று போனேன். "எரநூறு சேர் கேட்டு வந்த மனுசங்கிட்ட ஒம்பதுல அஞ்சு விழுந்துட்டுன்னு சொன்னியாமே?" என்றார். உண்மையைத்தானே சொன்னேன் என்றேன். அவர் கோவில்பட்டிக் குடோனுக்கு ஆள் வேண்டும், திங்கட்கிழமை போய்ச் சேர் என்றார்.

அதுதான் இன்றைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். குடோனில் யாரும் வர மாட்டார்கள். பெட்டி பிரிக்க வேண்டும், பெட்டி மூட வேண்டும். பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

அவள் மேல் எனக்குக் கோபமா என்று கேட்கிறீர்களா? இல்லை சார். அவள் செய்ததற்கு அவளுக்குக் கிடைத்தது, அவள் யோகம். காலையில் பஸ் ஏற்றிவிட வந்தாள்கூட. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, "அண்ணே, என்னைக்காவது யோசிச்சுப் பாருங்க" என்றாள். எதை யோசிக்க என்று கேட்பதற்குள் பஸ் எடுத்துவிட்டான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பாள், வாய் வரவில்லை.

என் மனசு சுத்தம். அவ்வளவு கூட்டத்தில், அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு நின்றபோது, உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னது நான் ஒருவன்தான். அன்றைக்கு நான் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்தப் புரளியைக் கிளப்பியது யார் என்று எங்கள் ஊருக்கு என்றைக்கும் தெரியாமலே போயிருக்கும் சார்.